கிளினிக்கைச் சக்கரத்தில் ஏற்றிய ஓராலியா

டாக்டர் வெல்டன் ஸ்ட்ரூப் செத்துப்போனபோது ஓராலியா டஃபோயாவுக்குத் தலைவலிகூட இல்லை. ஆனால் சட்டப்படி பார்த்தால் அவளும் அன்றைக்கே பாதி செத்துத்தான் போனாள். யாரும் வந்து சொல்லாததால் திங்கட்கிழமை காலை வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டாள்.

ஓராலியா நர்ஸ் பிராக்டிஷனர். நர்ஸ் படிப்புக்கு மேலே இன்னொரு படிப்புப் படித்து, நோயாளியைப் பார்த்து, இன்ன நோய் என்று சொல்லி, மருந்தும் எழுதிக் கொடுக்கிற ஆள். படித்தால் போதுமா என்றால், டெக்சாஸில் போதாது. டாக்டர் ஒருவர் "இவள் எழுதலாம், நான் பொறுப்பு" என்று ஒப்பந்தம் போட்டுத் தர வேண்டும். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எங்கேயோ ஓர் ஏரிக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கலாம். உயிரோடு இருந்தால் போதும். அந்த ஒரு நிபந்தனையில்தான் ஸ்ட்ரூப் கோட்டை விட்டார்.

வெள்ளிக்கிழமை மீன் பிடிக்கப் போனவர், அங்கே இருந்த குடிசையிலேயே, நாற்காலியில் சாய்ந்தபடி, தொப்பி முகத்தில் கவிழ்ந்திருக்கப் போய்ச் சேர்ந்தார். அங்கே போன் எடுக்காது. தூங்குகிறார் என்று நினைத்து அக்கம்பக்கத்தார் இரண்டு நாள் சத்தம் போடாமல் நடந்தார்களாம். ஆள் தூங்கவில்லை என்பது திங்கட்கிழமை மதியம்தான் தெரிந்தது.

அந்தச் செய்தி ஹெஸ்டர் ஊருக்கு வந்து சேர்வதற்குள் ஓராலியா காலை முழுவதும் நோயாளிகளைப் பார்த்து முடித்திருந்தாள். மருந்துச் சீட்டு எழுதியிருந்தாள். ஒவ்வொரு சீட்டிலும் பொறுப்பு டாக்டர் என்ற இடத்தில் ஸ்ட்ரூப்பின் பெயர் இருந்தது. செத்தவர் பெயரில் ஓட்டுப் போடுவது பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். செத்தவர் பெயரில் இருமல் மருந்து எழுதியது ஹெஸ்டரில் அதுதான் முதல்முறை.

வரவேற்பு மேசையில் இருக்கும் டானியா பெட்ரோல் பங்கில் சேதி கேட்டு ஓடி வந்தபோது, உள்ளே ஒரு குழந்தை காது வலியில் கத்திக்கொண்டிருந்தது. ஓராலியா காதுக்குள் எட்டிப் பார்த்தாயிற்று, என்ன மருந்து என்று முடிவும் செய்தாயிற்று. டானியா கதவருகே வந்து சொன்னதைக் கேட்டாள். பிறகு கையில் இருந்த பேனாவை மூடி சட்டைப்பையில் செருகிக்கொண்டு, தாயிடம் மன்னிப்புக் கேட்டு, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்பினாள். தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தைக்குப் புரிந்தது போலிருந்தது. இன்னும் பலமாகக் கத்தியது.

ஓராலியா கண்ணீர் விட்டதை யாரும் பார்க்கவில்லை. கழிப்பறைக் குழாய் மட்டும் ரொம்ப நேரம் ஓடியது.

அவளுக்கும் ஸ்ட்ரூப்புக்கும் இருந்தது நட்பா பகையா என்று ஊருக்குள் இரண்டு கட்சி உண்டு. ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை உட்கார்ந்து நோயாளிகளின் குறிப்புகளைப் பற்றிப் பேச வேண்டும் என்பது விதி. அவர்கள் அதை மாதத்தின் முதல் வியாழனில் ரயில்வே கேட் பக்கத்து ஓட்டலில் வைத்துக்கொண்டார்கள். கிழவர் மாட்டிறைச்சி சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே குறிப்புகளைப் புரட்டுவார். சாஸ் சொட்டும். ஓராலியா திட்டுவாள். "ஏம்மா, இந்த ஆளுக்கு நீர் பிரியுற மாத்திரையை எதுக்குக் கூட்டின?" என்று ஆரம்பிப்பார். அவள் காரணம் சொல்வாள். அவர் ஒப்பமாட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போவார்கள். பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். எப்போதாவது அவர் சொன்னது சரியாக இருக்கும். அந்த எப்போதாவதுக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் அந்த சாஸைப் பொறுத்துக்கொண்டாள்.

ஓராலியா ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்தவள். ஹெஸ்டரில் ஒரே ரோடுதான். ரோட்டின் கிழக்கு ஓரம் டெக்சாஸ், மேற்கு ஓரம் நியூ மெக்சிகோ. பள்ளிக்கூடமும் கிளினிக்கும் கிழக்கே. மருந்துக் கடையும் தீவனக் கடையும் மேற்கே. கிழக்கே ஒன்பது மணி அடித்தால் மேற்கே எட்டுதான். அப்பா பஞ்சு ஆலையில் மூட்டை தைத்தவர். அவள் பள்ளி முடித்ததும் முதியோர் விடுதியில் படுக்கைச் சட்டி கழுவப் போனாள். அங்கிருந்து படிப்படியாக நர்ஸ் ஆனாள். புருஷன் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனான். இன்னும் திரும்பி வந்துகொண்டேயிருக்கிறான். மகளைத் தூங்க வைத்துவிட்டுச் சமையல்மேசையில் மேல்படிப்பை முடித்தாள். ஒரு குளிர்காலம் நியூ மெக்சிகோப் பக்கம் ஒரு கிளினிக்கில் மாற்று ஆளாகப் போனபோது அந்த மாநில உரிமமும் வாங்கினாள். அப்புறம் அங்கே போகவே இல்லை. ஆனாலும் காலாவதியாக விடாமல் புதுப்பித்துக்கொண்டே வந்தாள். "ஒரு குதிரைக்கு ரெண்டு சேணமா?" என்று ஸ்ட்ரூப் கேலி செய்வார். கஷ்டப்பட்டு வாங்கியதை ஏன் விட வேண்டும் என்பதைத் தவிர அவளிடம் வேறு பதில் இருந்ததில்லை.

சவ அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சாப்பாடு. ஊரில் இருக்கிற எல்லாக் கண்ணாடித் தட்டுகளும் அங்கே வந்திருந்தன. எல்லாவற்றிலும் சீஸ் போட்டு வேகவைத்த ஏதோ ஒன்று. ஓராலியா தட்டை எடுத்ததுதான் தாமதம், பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள். சாப்பாட்டுக்கு இல்லை. ஒருத்திக்கு ரத்த அழுத்த மாத்திரை முடியப்போகிறது. ஒருத்தருக்கு மூச்சிரைப்பு. எல்லாருக்கும் அவள் ஒரே பதிலைச் சொன்னாள்: எழுத முடியாது, எனக்கு இப்போது டாக்டர் இல்லை. சவப்பெட்டி போன பிறகும் இவளுக்கு எதற்கு டாக்டர் என்று யாருக்கும் விளங்கவில்லை. இத்தனை நாள் மருந்து எழுதினது இவள்தானே.

கடைசியாகப் பஸ்டர் ஹெல்ஷர் வந்தான். பருத்தி போடுகிறவன், எழுபதை நெருங்குகிற தனிக்கட்டை. சர்க்கரை வியாதி. டாக்டர் என்றாலே டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போகிற ஜாதி. ஓராலியாவிடம் மட்டும்தான் கையை நீட்டுவான்.

"மிஸ் ஓராலியா, சர்க்கரை மாத்திரை தீந்துபோச்சு."

"நகரத்துக்குப் போய் வாங்கிக்க பஸ்டர். என்னால எழுத முடியாது."

"சரி, போறேன்," என்றான். அவன் அவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னதே சந்தேகப்பட வேண்டிய விஷயம். அன்றைக்கு அவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

ஏனென்றால் டாக்டர் பிரெஸ்காட் லேர்ட் அவள் பக்கம் வந்துகொண்டிருந்தார். நகரத்து ஆஸ்பத்திரிக் குழுமம் ஒன்றின் பெரிய தலை. மண்ணே பார்க்காத பூட்ஸ். ஆனால் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஸ்ட்ரூப்புக்கு உண்மையாகவே வருத்தப்பட்டார். இரண்டாவது தடவையும் பீன்ஸ் வாங்கிச் சாப்பிட்டார். நர்ஸ் எழுதுகிற மருந்தை டாக்டர் ஒருவர் கண்ணால் பார்ப்பது நல்லது என்று மனசார நம்புகிறவர். அவர் சொன்ன ஏற்பாடு இதுதான். ஒப்பந்தத்தில் தாம் கையெழுத்துப் போடுவார். பதிலுக்குக் கிளினிக்கின் பெயர்ப்பலகை மாறும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் அவருடைய ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். ஒரு நோயாளிக்கு ஏழு நிமிஷத்துக்கு மேல் ஆகக் கூடாது. பஸ்டருக்கு பூட்ஸ் கழற்றவே ஏழு நிமிஷம் ஆகும் என்று ஓராலியா நினைத்துக்கொண்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். லேர்ட் குரலைத் தாழ்த்தினார்.

"திங்கட்கிழமை காலையில நீங்க நோயாளி பாத்தீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"எனக்குத் தெரியாது டாக்டர். யாருக்குமே தெரியாது."

"அது எனக்குப் புரியுது. நர்சிங் வாரியத்துக்குப் புரியணுமே. டாக்டர் போன நிமிஷமே ஒப்பந்தமும் போச்சு. அதுக்கப்புறம் நீங்க எழுதினது எல்லாம் அனுமதி இல்லாம எழுதினது." தட்டைக் கீழே வைத்தார். "நாம போடப்போற ஒப்பந்தத்துல வெள்ளிக்கிழமை தேதி போட்டுக்கலாம். திங்கட்கிழமை எழுதினதும் அதுக்குள்ள அடங்கிடும். உதவியா நெனச்சுக்கங்க."

ஓராலியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். மனுஷன் உண்மையாகவே உதவி என்றுதான் நினைத்தார். அதுதான் பயமாக இருந்தது. தெரியாமல் செய்த ஒரு தப்பை மறைக்கத் தெரிந்தே ஒரு தப்பைச் செய்தால், அதன் நுனி ஆயுசு முழுக்க அவர் கையில் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் சுண்டி இழுக்கலாம்.

"வெள்ளிக்கிழமை நீங்க இந்த ஊர்லயே இல்லையே டாக்டர்," என்றாள். "பீன்ஸ் இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க."

மறுநாள் காலை முதல் வேலையாக மாநில நர்சிங் வாரியத்துக்குப் போன் போட்டாள். வரிசையில் காத்திருக்கச் சொல்லிப் பாட்டு போட்டார்கள். பாட்டு முழுக்கக் கேட்டாள். கடைசியில் ஒரு குரல் வந்ததும், தன் பெயரையும் உரிம எண்ணையும் சொல்லி, தான் திங்கட்கிழமை காலை செத்துப்போன டாக்டரின் பொறுப்பில் மருந்து எழுதியதைப் புகாராகப் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டாள். யார் மீது புகார் என்று அந்தப் பெண் கேட்டாள். "என் மேலதான்." அந்தப் பெண் பெயரை இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள்.

டானியா வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாஸ், தன் வீட்டுக்குத் தானே யாராச்சும் தீ வைப்பாங்களா?"

"நானே வெச்சா எந்த மூலையில எரியுதுன்னு எனக்குத் தெரியும்ல. அந்தாளு வெச்சா தெரியாது."

"எனக்கு இந்த மாசம் சம்பளம் வருமா? அதை மட்டும் சொல்லுங்க."

சம்பளம் வந்தது. ஆனால் அதற்குள் கிளினிக் ஒரு சர்க்கஸ் ஆகியிருந்தது. டெக்சாஸ் பக்கம் ஓராலியா இன்னும் நர்ஸ்தான். அந்த உரிமத்துக்கு எந்த டாக்டரும் உயிரோடு இருக்கத் தேவையில்லை. எடை பார்க்கலாம், ரத்த அழுத்தம் பார்க்கலாம், கட்டுப் போடலாம், ஆறுதல் சொல்லலாம். நோய் இன்னது என்று சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. நியூ மெக்சிகோப் பக்கம் போனால் அவளுக்கு டாக்டர் ஒப்பந்தமே வேண்டாம். தன் பெயரிலேயே எல்லாம் செய்யலாம். ஸ்ட்ரூப் கேலி செய்த அந்த இரண்டாவது சேணம்.

அதனால் தீவனக் கடை முதலாளியிடம் கேட்டு அவர் கடை முகப்பில் ஒரு மடக்கு மேசை போட்டாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் எடை பார்ப்பாள். பிறகு நோயாளியைக் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து போய், கோழித்தீவன மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நோயைக் கண்டுபிடிப்பாள். போனில் பேசுகிறவர்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது: நோயாளி எந்த மண்ணில் நிற்கிறாரோ அந்த மண்ணின் விதிதான் செல்லும். ஆகவே யார் போன் செய்தாலும் டானியா முதலில் கேட்டது, "எந்தப் பக்கம் நிக்கிறீங்க?" டெக்சாஸ் என்றால், "வாயைத் தொறக்காதீங்க, வண்டியை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போய் நின்னு கூப்பிடுங்க," என்று வைத்துவிடுவாள். இரண்டு வாரத்தில் ஊர் இதைப் பழகிக்கொண்டது. தீவனக் கடைக்கு எதிரே வரிசையாக வண்டிகள் நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு தன் மலச்சிக்கலை விவரித்துக்கொண்டிருப்பார். சந்தேகம் வரக் கூடாது என்று டானியா, மாட்டுக்கு அடையாளம் போடுகிற ஆரஞ்சு மையைக் கொண்டுவந்து, எல்லை எங்கே ஓடுகிறதோ அங்கே ஒரு கோடு அடித்துவிட்டாள்.

வாரியத்து விசாரணை அதிகாரி என்னிஸ் கொட்டாரா வந்து இறங்கியபோது முதலில் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். காலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

கொட்டாரா அதிகம் பேசாதவர். முன்பு தானே நர்ஸாக இருந்தவர் என்று அவர் நோயாளியின் நாற்காலியை நகர்த்திப் போட்ட விதத்திலேயே ஓராலியா கண்டுகொண்டாள். திங்கட்கிழமை பற்றி அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், கேட்காததையும் சொன்னாள். காது வலிக் குழந்தைக்கு எழுதாமல் நிறுத்தியதை மட்டும் சொல்லவில்லை. அதை டானியா இடையில் புகுந்து சொன்னாள். லேர்ட் சொன்ன வெள்ளிக்கிழமைத் தேதியைப் பற்றி யாரும் பேசவில்லை. போடாத கையெழுத்துக்கு எதற்குப் புகார் என்று ஓராலியா விட்டுவிட்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு கொட்டாரா தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு நெனைக்கிறேன், மேடம்."

"உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க என்னை விலைக்கு வாங்கியிருப்பாங்க."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தார். ஒரு கிழவி ஊன்றுகோலோடு ஆரஞ்சுக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். லாரி ஒன்று அவளுக்காக நின்றது.

"இங்க பிரஷர் பாக்குறீங்க. பாக்கும்போதே உங்களுக்கு என்ன நோய்னு தெரிஞ்சிடும். அங்க போய் எழுதுறீங்க. சரியா?"

"ஆமா."

"அப்போ நோயைக் கண்டுபிடிச்சது எங்க? டெக்சாஸ்லயா, நியூ மெக்சிகோவிலயா?"

"நெனைக்கிறதுக்குமா சட்டம் இருக்கு?"

"இல்லை. ஆனா ஒரு நாள் யாராச்சும் ஒரு வக்கீல் அந்தக் கேள்வியைக் கேப்பான்." கதவைத் திறந்தார். "ரெண்டு கரையிலயும் கால் வெச்சா வழுக்கும் மேடம். ஏதாச்சும் ஒரு கரையில நில்லுங்க. இது என் சொந்தக் கருத்து, வாரியத்தோடது இல்லை."

பிறகு வாரியத்தின் முடிவு வந்தது. ஓர் எச்சரிக்கை, ஒரு சட்டப் பாடம் படித்துத் தேர்வு எழுத உத்தரவு. படித்தாள், எழுதினாள், நூற்றுக்கு நூறு வாங்கினாள். அந்தப் பாடத்தில் ஒரு கேள்வி: பொறுப்பு டாக்டர் இறந்துவிட்டால் நர்ஸ் பிராக்டிஷனர் எப்போது நிறுத்த வேண்டும்? 'தெரிந்த உடனே' என்று ஒரு விடை இருந்தது, 'அப்போதே' என்று ஒன்று இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு 'அப்போதே' என்பதைத் தொட்டாள்.

ஆனால் அந்த முடிவுக்காக அவள் காத்திருக்கவில்லை. கொட்டாராவின் வண்டி மறைந்த கையோடு வெளியே போய், குனிந்து, கிளினிக்குக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். கிளினிக் என்பது கட்டடம் இல்லை. இரண்டு துண்டாகக் கொண்டுவந்து ஒட்டவைத்த தகர வீடு. அடியில் இரும்புச் சட்டம். சட்டத்தில் அச்சு. சக்கரம் மட்டும்தான் இல்லை.

"டானியா, இதை இழுத்துக்கிட்டுப் போயிடலாம்."

"எதை?"

"கிளினிக்கை."

டானியா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதலில் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அப்புறம் இடம் எங்கே என்று கேட்டாள்.

இடம் பஸ்டரிடம் இருந்தது. தீவனக் கடைக்குப் பின்னால், மேற்குப் பக்கம், பருத்தி பறிக்கிற பழைய இயந்திரம் ஒன்று துருப்பிடித்துக் கிடந்த மனை. சும்மா எடுத்துக்கோங்க என்றான். சும்மா எடுக்க முடியாது என்றாள் ஓராலியா. நோயாளியிடம் இலவசமாக எதையும் வாங்கினால் நாளைக்கு எவனாவது அதற்கு ஓர் அர்த்தம் கற்பிப்பான். வாடகை பேச வேண்டும், எழுதிக்கொள்ள வேண்டும், ஊர் நடப்புக்குக் கூடவும் கூடாது குறையவும் கூடாது. பஸ்டருக்கு ஆயுசில் முதல்முறையாக ஒருவர் வலுக்கட்டாயமாக வாடகை கொடுத்தார். அவன் ரொம்ப அவமானப்பட்டான்.

சட்டத்தை மீறுவதில் ஒரு வீரமும் இல்லை என்பது ஓராலியாவின் கட்சி. திருடனும் அதைத்தான் செய்கிறான். சட்டத்தில் எழுதியிருப்பதை ஒரு புள்ளி விடாமல் செய்துகாட்டினால்தான் எதிராளிக்கு எரியும். அப்படித்தான் அனுமதி வாங்கினாள். வீட்டைக் கிளப்ப ஒன்று, ரோட்டில் இழுக்க ஒன்று, எல்லையைத் தாண்ட ஒன்று, தாண்டிய பிறகு இறக்க ஒன்று, சாக்கடைக் குழாய்க்கு ஒன்று. காப்பீட்டுக் கம்பெனிகளோடு போட்ட சண்டையைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் தூங்கிவிடுவார்கள். டானியா தினமும் தூங்கினாள். இடையில் லேர்ட் இரண்டு தடவை போன் செய்தார். ஏழு நிமிஷத்தைப் பத்தாக்குகிறேன் என்றார். "தனியா எழுதப்போறீங்க. தப்பு நடந்தா யார் பிடிப்பாங்க?" என்று கேட்டார். அதை மட்டும் ஓராலியாவால் சிரித்துத் தள்ள முடியவில்லை.

அந்த மாதத்து முதல் வியாழன் வந்தது. கூட்டம் போட வேண்டும் என்று இனி எந்த விதியும் அவளைக் கட்டவில்லை. ஆனாலும் குறிப்புகளைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட் ஓட்டலுக்குப் போனாள். வழக்கமான மேசை. ஒரு குறிப்பை எடுத்தாள். இந்த மருந்தை ஏன் கொடுத்தாய் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். காரணம் சொன்னாள். ஒப்புக்கொள்ளாமல் மல்லுக்கட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவளே ஜெயித்தாள். அதில் என்ன பிரயோசனம். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அன்றைக்கு டானியா எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில்தான் பதில்.

வீடு நகர்ந்த நாள் ஊரே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. ஐஸ் பெட்டி, குடை, வறுத்த வேர்க்கடலை. பள்ளிக்கூடக் கால்பந்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. சக்கரம் மாட்டினார்கள், இரண்டு துண்டாகப் பிரித்தார்கள். பத்து மணிக்குப் புறப்பட்ட முதல் பாதி ரோட்டைக் கடந்து ஒன்பதரைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. கை தட்டினார்கள். இரண்டாவது பாதி நடு ரோட்டில் நின்றுவிட்டது. இழுக்கும் லாரியில் ஏதோ குழாய் வெடித்துவிட்டது. பரிசோதனை அறையின் கதவு நியூ மெக்சிகோவில், ஜன்னல் டெக்சாஸில். இரண்டு பக்கமும் வண்டிகள் தேங்கின. டெக்சாஸ் போலீஸ்காரர் அது நியூ மெக்சிகோ விவகாரம் என்றார். நியூ மெக்சிகோ போலீஸ்காரர் கதவைத்தான் தன்னால் பொறுப்பேற்க முடியும் என்றார்.

அப்போதுதான் பஸ்டர் தன் டிராக்டரைக் கொண்டுவந்தான். சங்கிலி மாட்டுவதற்காகக் கீழே இறங்கினான். இறங்கிய விதத்தை ஓராலியா பார்த்தாள்.

இடது காலை ஊன்றவில்லை.

கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. அவள் நேராக அவனிடம் போனாள். மாத்திரை வாங்கினாயா என்று கேட்டாள். வாங்கினேன் என்றான். எந்தக் கடையில் என்று கேட்டாள். பஸ்டர் சங்கிலியைப் பார்த்தான். நகரத்துக்குப் போகவே இல்லை. அத்தனை நாளும் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. அவள் படுகிற பாட்டில் இதையும் சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டான்.

"பூட்ஸைக் கழட்டு."

"முதல்ல வீட்டை இழுத்துர்றேன், மிஸ் ஓராலியா. நடு ரோட்டுல நிக்குது."

"வீடு நிக்கட்டும். நீ ஏறு. அந்தப் பக்கம் போ. நான் வரேன்."

அவன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டினான். அவள் பின்னாலேயே நடந்தாள். முதல் பாதி அங்கே செங்கல் மீது இன்னும் சரியாக உட்காராமல், ஒரு சுவர் இல்லாமல், பொம்மை வீடு மாதிரி திறந்துகிடந்தது. அதன் விளிம்பில் அவனை உட்கார வைத்து பூட்ஸைத் தானே இழுத்தாள். காலுறை ஒட்டிக்கொண்டு வந்தது. நாற்றம் முதலில் வந்தது. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண். விளிம்பு கறுத்து, அதைச் சுற்றி சிவப்பு கணுக்கால் வரை ஏறியிருந்தது.

மருந்து எழுதிக்கொடுத்துத் தானே பார்த்துக்கொள்ளலாம். இப்போது யாரும் தடுக்க முடியாது. நின்ற மண் அவளுடையது, உரிமம் அவளுடையது, சட்டம் முழுசாக அவள் பக்கம். பஸ்டரும் அதைத்தான் கேட்டான். "நீங்களே எதாச்சும் எழுதிக் குடுங்க. இப்போ எழுதலாம்ல?" ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் நாள், முதல் நோயாளி. எழுதினால் கை தட்டியிருப்பார்கள்.

அவள் விரலால் அந்தச் சிவப்பின் ஓரத்தைத் தொட்டு, எவ்வளவு சூடு என்று பார்த்தாள். இன்னொரு தடவை தொட்டாள். சரிதானா என்று மல்லுக்கட்டிப் பார்க்க ஸ்ட்ரூப் இல்லை.

"இது என் கையில நிக்காது பஸ்டர். ஊசியில மருந்து ஏத்தணும். சதையைச் சுரண்டி எடுக்கணும். இன்னிக்கே."

"எங்க?"

அவள் போனை எடுத்தாள். பஸ்டருக்குப் புரிந்துவிட்டது.

"அந்தாளுகிட்டயா? செத்தாலும் போகமாட்டேன். உங்களை அவ்வளவு பாடு படுத்தினவன்கிட்ட..."

"படுத்தினான். ஆனா அங்க இருக்கிற சர்ஜன் காலை வெட்டாம காப்பாத்துவான். எனக்கு உன் கால் வேணும். வாடகை வாங்க நடந்து வரணும்ல."

பஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றான். அன்றைக்குக் காற்றே இல்லை.

லேர்டே எடுத்தார். அவள் பேர் சொன்னதும் குரலில் ஒரு குஷி. மனசு மாறிக் கையெழுத்துக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். அவள் ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வயது, சர்க்கரை, மருந்து விட்ட நாட்கள், புண்ணின் அளவு, சிவப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது, காய்ச்சல். லேர்ட் குறுக்கே கேட்டார்: அங்கேயே ஏன் வாய்வழி மருந்து ஆரம்பிக்கவில்லை? ஏன் என்று சொன்னாள். நாடித்துடிப்பு காலில் கிடைக்கிறதா? கிடைக்கிறது, பலவீனமாக. மறுமுனையில் அவர் யாரிடமோ அறுவை அறையைத் தயார் செய்யச் சொல்வது கேட்டது.

"சரி, அனுப்புங்க. கட்டில் இருக்கும்." பிறகு பழக்கதோஷத்தில் கேட்டார். "அனுப்புற டாக்டர் பேரு என்ன போடணும்?"

பின்னால் கிளினிக்கின் மறுபாதி இன்னும் நடு ரோட்டில்தான் நின்றது. யாரோ ஹாரன் அடித்தார்கள். டானியா அவர்களைப் பச்சை பச்சையாகத் திட்டினாள்.

"டாக்டர் யாரும் இல்லை," என்றாள் ஓராலியா. "நான்தான் அனுப்புறேன். டஃபோயா. எழுதிக்கங்க."